ஒயில் பெயின்டிங் பழகுற ஆக்கள் வீட்டுக்குள்ள எதைக் கீறலாம்?

திருகோணமலையில இருந்துகொண்டு கோணேசர் கோயிலையும் கடலையும் விட்டுட்டு வீட்டுக்குள்ள கீற என்ன இருக்கெண்டு கேட்டிருக்கிறீங்க. ஒயில் பெயின்டுக்கு வீட்டை விட நல்ல இடம் இல்லையெண்டுதான் நான் சொல்லுவன்.

ஏனெண்டா அது வாட்டர்கலர் போல ஆவியாகிக் காயிறதில்ல, அதில இருக்கிற லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) காத்தில இருக்கிற ஒட்சிசனோட சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுது, அதுக்கு நாட்கணக்காகும், மாரி மழைக்குள்ள இன்னும் இழுக்கும். அப்ப உங்களுக்கு வேணுமெண்டது நாளைக்கும் அதே நேரம் அதே வெளிச்சத்துக்கு வந்து இருக்கிற ஒண்டு. டவுனுக்குள்ள திரியிற மான் அப்பிடி நிக்காது. எங்கட மாமி வருவா. விடியப் பிட்டுக்குத் தேங்காய் திருவ குசினி வாசல்ல திருவலையில குந்துவா, கிழக்குப் பாத்த வாசல், வெயில் தாழ்வா வந்து அவட முழங்கையிலயும் தேங்காய்ப் பாதியைச் சுத்துற விரல்களிலயும் விழும், கொஞ்ச நேரம்தான், வெயில் ஏறினா முடிஞ்சுது, மிச்சம் அடுத்த நாள். "மாமி, இஞ்ச பாருங்கோ" எண்டு நான் ஒருநாளும் சொல்றதில்ல. வேலை செய்யிற ஆள் ஒரே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வருவா, அந்த அசைவுக்குக் காத்திருந்தாச் சரி.

கோபன்ஹேகனில ஹமர்ஷொய் எண்டு ஒரு ஓவியர், 1898 இல இருந்து 1909 மட்டும் ஒரே வீட்டில இருந்து அந்த வெறும் அறைகளையும் முதுகு காட்டி நிக்கிற மனுசியையும் திரும்பத் திரும்பக் கீறினவர். நெதர்லாந்தில டெல்ஃப்ட் எண்ட ஊரில இருந்த பழைய ஓவியர் வெர்மீர் கீறினதெண்டு இண்டைக்கு ஒத்துக்கொள்ற படங்களே 35 அளவில்தான், அதில கனக்க இடப்பக்க யன்னலும் அதுக்குக் கிட்ட பால் வாக்கிற, கடிதம் வாசிக்கிற பெண்களும்தான்.

ஆனா அவையட வெளிச்சத்தை இஞ்ச கொப்பி பண்ணாதீங்கோ, தயவு செய்து. எங்கட வெயில் சீமெந்து நிலத்தில பட்டு மேல தெறிச்சு நாடிக்குக் கீழ சூடா நிக்கும், வானத்தைப் பாத்த பக்கம் நிழலே நீலமாத் தெரியும். அதால கறுப்பு டியூப் வாங்கத் தேவையில்ல, அல்ட்ராமரின் நீலமும் பேர்ண்ட் அம்பர் எண்ட கடும் மண்ணிறமும் கலந்தா அதைவிட நல்ல இருட்டு வரும். தோலுக்கு யெல்லோ ஓக்கர் எண்ட மண்மஞ்சளும் பேர்ண்ட் சியன்னா எண்ட செம்மண்ணிறமும் எடுங்கோ, வெள்ளையைக் கனக்கப் போட்டா எங்கட நிறம் சாம்பல் அடிச்சுப் போகும், மண்ணிற உடம்பில வெயில் படுற இடம் எவ்வளவு வடிவெண்டு அதுக்குள்ள மறைஞ்சே போகும், அதுதான் எனக்குத் தாங்கேலாத விசயம்.

முதல் பூச்சு பெயின்டைக் கரைக்கிற டர்பன்டைன் விட்டு மெல்லிசா, மேல போகப்போக ஒயிலைக் கூட்டுங்கோ, மாறிச் செய்தா பிறகு பூச்சில வெடிப்பு விழும்.

தொடக்கத்துக்கு ஆளும் வேண்டாம். யன்னல் திட்டில காயிற சிரட்டை, கொடியில நனைஞ்ச சாரம், பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து கதிரையில எறிஞ்ச பேக், இதில ஒண்டை சின்னப் போர்டில கீறுங்கோ, எந்த நேரம் தொடங்கினீங்களோ அந்த நேரத்துக்கு மட்டும் திரும்பப் போங்கோ. வீட்டில பிள்ளையள் எண்டா இதையும் கேளுங்கோ: லின்சீட் ஒயில் துடைச்ச துணியைக் குவிச்சு வைக்கவே கூடாது, அது தானாச் சூடேறிப் பத்தும், வெளியில தனித்தனியா விரிச்சுக் காய விடுங்கோ, இல்லாட்டி மூடியுள்ள தகர டின்னில தண்ணிக்குள்ள போட்டு வையுங்கோ.