டிரங்க் கால் சீட்டு

அன்புள்ள சார்,

பதினோரு வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரமாவது பேசுவோம். அதில் பாதி அரசியல்தான்.

2025 ஜனவரியில், துல்சி கப்பார்டை தேசிய உளவுத்துறை இயக்குநராக நியமிப்பது பற்றிய செனட் விசாரணையை முழுக்கப் பார்த்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களின் பேச்சைத் தனி வாரண்ட் இல்லாமல் திரட்ட உளவுத்துறைக்கு அதிகாரம் தருவது உளவுச் சட்டத்தின் 702ஆம் பிரிவு. 2020இல் அதை ஒழிக்க மசோதா கொண்டுவந்தவர், பதவி என்று வந்ததும் அதே பிரிவு அவசியம் என்கிறார். இவரை எப்படி எடுத்துக்கொள்வது? இந்த விசாரணைகளே நாடகம்தானே? எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, அதனால் பெரிய கவலையும் இல்லை. ஆனாலும் அதற்கப்புறம் அம்மா அரசியலை எடுத்தால் பேச்சை மாற்றிவிடுகிறேன். எந்த ஆப் பாதுகாப்பானது என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

(என் பெயரைப் போட வேண்டாம்.)

---

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரியும் அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே நாலு பேர் இருப்பார்கள்.

கப்பார்ட் மாறிவிட்டார் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். 2024இல் சட்டத்தில் செய்த திருத்தங்களைப் பார்த்துத்தான் மாறினேன் என்கிறார் அவர். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் நான் கேட்கிறேன், இந்த விஷயத்தில் மாறாதவர் யார்? 2006 மே மாதம் ஜெனரல் மைக்கேல் ஹேடனை சி.ஐ.ஏ. இயக்குநராக்கலாமா என்று செனட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. 78 பேர் ஆதரவு, 15 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் ஒபாமா உண்டு. ஹேடன் அதற்கு முன், தொலைத்தொடர்பை ஒட்டுக்கேட்கும் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் தலைவர். அவர் காலத்தில்தான் நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் அமெரிக்கர்களின் வெளிநாட்டுப் பேச்சுகளை ஒட்டுக்கேட்டார்கள். 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியே கொண்டுவந்தது. ஹேடன் ஓட்டெடுப்புக்கு இரண்டு வருடம் கழித்து, 2008 ஜூலையில், அதே மாதிரிக் காரியத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்து, உடந்தையாக இருந்த தொலைபேசிக் கம்பெனிகளையும் வழக்கிலிருந்து காப்பாற்றிய மசோதா வந்தபோது, ஒபாமா ஆதரித்து ஓட்டுப் போட்டார். அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான் நீங்கள் சொல்லும் 702. ஆகவே கப்பார்டோடு நின்றுவிடாதீர்கள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போகிறவர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான் போகிறார்கள்.

விசாரணை நாடகம் என்கிறீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2013 மார்ச் 12 அன்று செனட்டர் ரான் வைடன் அப்போதைய தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் ஒரு கேள்வி கேட்டார்: கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி என்.எஸ்.ஏ. ஏதாவது தகவல் சேகரிக்கிறதா? கிளாப்பர் இல்லை என்றார், தெரிந்து செய்வதில்லை என்றார். மூன்றே மாதத்தில், என்.எஸ்.ஏ.வில் ஒப்பந்த ஊழியராக இருந்த ஸ்னோடன் கொடுத்த ஆவணங்கள் வெளிவந்தன. முதல் நாள் வந்ததே, வெரிசான் கம்பெனி தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பட்டியலைத் தினமும் ஒப்படைக்க வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற ஆணைதான். கிளாப்பர் தன் பதில் தவறு என்று கடிதம் எழுத வேண்டி வந்தது. கேமரா முன்னால், ஒரு தேதியில், ஒருவர் வாயிலிருந்து ஒரு பதிலை வாங்கி வைத்ததால்தானே அது முடிந்தது? நம் நாட்டில் உள்நாட்டு உளவுத்துறையான ஐ.பி.யின் தலைவரை நியமிக்கும்போது எந்த நாடாளுமன்றக் குழு அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறது? எதுவும் இல்லை. ஒருநாள் காலையில் பேப்பரில் பெயர் வரும். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்தது எங்களுக்குக் கிடைக்காத ஒன்று. அதை நாடகம் என்று சொல்லாதீர்கள்.

சரி, இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். அதற்குக் கொஞ்சம் முன்னால் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: 'மறைக்க ஒன்றுமில்லை.' எத்தனை பேர் எனக்கு இதை எழுதிவிட்டார்கள்! படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். தம்பி, நீங்கள் அதை எழுதிவிட்டு, அடுத்த வரியில் அம்மாவிடம் பேச்சை மாற்றுவதாக எழுதுகிறீர்கள், அதற்கடுத்து பெயர் வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் கை சரியாகத்தான் எழுதியிருக்கிறது, வாய்தான் எங்கோ கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. தப்பு செய்தவன்தான் மறைப்பான் என்று யார் உங்களுக்குச் சொன்னது? இனி யார் முன்னாலும் இந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். உங்களுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். உங்களோடு பேசியவருக்கு இருக்கும்.

என் அப்பா தபால் தந்தி இலாகாவில் டெலிபோன் ஆபரேட்டர். தெற்கே ஒரு சின்ன ஊர். தபாலாபீசுக்குப் பின்னால் ஓர் அறை, அதில் ஒரு போர்டு, நூறு சொச்சம் இணைப்புகள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு டிரங்க் கால் புக் பண்ண வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் ஒரு சீட்டு. எந்த நம்பரிலிருந்து, எந்த ஊர், எந்த நம்பருக்கு, ஆர்டினரியா அர்ஜெண்ட்டா, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம். பில் போடுவதற்காக எழுதுவது. பேசியது என்ன என்று அதில் ஒரு எழுத்துகூட இருக்காது. அப்பா அந்த விஷயத்தில் கறார். லைன் கிடைத்ததும் காதிலிருந்து ஹெட்செட்டைத் தள்ளி வைத்துக்கொள்வார். மூன்று நிமிஷம் முடிந்தால் சொல்வதற்கு மட்டும்தான் குறுக்கே வருவார்.

1976 ஜனவரி 31 அன்று திமுக அரசைக் கலைத்தார்கள். ஊரில் ஒரு வக்கீல், கட்சிக்காரர், அன்று இரவே காணாமல் போய்விட்டார். நெருக்கடி நிலைக் காலம், விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் பிடிப்பார்கள் என்று தெரிந்து போய்விட்டார். பிப்ரவரி நடுவில் அப்பாவின் டியூட்டி நேரத்தில் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினாராம். "நீங்க யார் பேசினதையும் சொல்ல வேண்டாம், அது தப்பு. இந்த வீட்டு நம்பர் சீட்டை மட்டும் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். அப்பா காட்டிவிட்டார். பேச்சை ஒட்டுக்கேட்டுச் சொன்னால்தான் பாவம், சீட்டு ஆபீஸ் காகிதம்தானே என்று நினைத்திருக்கிறார்.

அது வக்கீல் வீட்டு நம்பர், மாதத்துக்கு ஒரு டிரங்க் கால்கூடப் புக் பண்ணாத வீடு. பத்து நாளில் மூன்று சீட்டு இருந்தது. மூன்றும் ஒரே ஊர், ஒரே நம்பர், மூன்றும் இரவு ஒன்பதுக்கு மேல், மூன்றும் ஒரே ஒரு மூன்று நிமிஷம். வந்தவர் குறித்துக்கொள்ளக்கூட இல்லை, பார்த்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் அந்த வெளியூர் நம்பர் இருந்த வீட்டு மாடியிலிருந்து வக்கீலைக் கூட்டிப்போனார்கள். அந்த வீட்டுக்காரரையும் சேர்த்து. அவர் கட்சிக்காரரே கிடையாது, வக்கீல் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதது மட்டும் நினைவிருக்கிறது. காரணத்தை இருபது வருடம் கழித்து, அந்தப் பழைய போர்டைக் கழற்றி எடுத்துப்போன அன்றைக்குத்தான் சொன்னார். வக்கீலின் மனைவி அதற்கப்புறமும் வாரா வாரம் மெட்ராசுக்கு கால் புக் பண்ணுவாராம். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் கிடைக்குமாண்ணே" என்று கேட்பாராம். அந்தக் குரலுக்கு ஆர்டினரி சார்ஜில் அர்ஜெண்ட் வேகத்தில் லைன் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். அது விதிமீறல். அப்பா தன் சர்வீசில் செய்ததாக என்னிடம் ஒப்புக்கொண்ட ஒரே விதிமீறல்.

ஏப்ரலில் அதே ஆள் வேறொரு நம்பருக்காகத் திரும்ப வந்தார். இந்த முறை அப்பா, "எழுத்துல கொடுங்க சார், யார் கேக்கறாங்க, எதுக்குன்னு கையெழுத்துப் போட்டு. காட்டறேன்" என்று சொல்லியிருக்கிறார். வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். எழுத்து வரவில்லை. அப்பாவுக்கு மாற்றல் வந்தது. எங்களுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 2006 மே 8 அன்று புஷ் ஹேடனின் பெயரை அறிவித்தார், மூன்று நாள் கழித்து யு.எஸ்.ஏ. டுடே ஒரு செய்தி போட்டது. பெரிய தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை என்.எஸ்.ஏ.வுக்குக் கொடுக்கின்றன என்று. உடனே என்ன பதில் வந்தது? யாருடைய பேச்சையும் கேட்கவில்லை, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எவ்வளவு நேரம், அவ்வளவுதான் என்றார்கள். 2013இலும் அதே பதில். அந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் மரியாதையாகப் பேசிய அந்த ஆள் எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் நிற்பது போலவே எனக்கு இருக்கிறது. சீட்டு மட்டும்தான் என்றார். சீட்டு மட்டும் போதும் தம்பி. பேச்சில் பொய் சொல்லலாம், குறிப்பாகப் பேசலாம், வேறு பெயர் சொல்லிப் பேசலாம். சீட்டில் முடியாது. இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் யாரைக் கூப்பிடுகிறாள், புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒருவன் எத்தனை தடவை பேசினான், ஒரு பத்திரிகையாளரோடு எந்த அரசு ஊழியர் பேசினார், எல்லாம் சீட்டில் இருக்கிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஹேடனே 2014இல் ஒரு மேடையில் சொன்னார், இந்த வகை விவரங்களை வைத்து நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்று. அமெரிக்கர்களிடம் திரட்டிய விவரங்களை வைத்து அப்படிச் செய்வதில்லை என்றும் கூடவே சொன்னார். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சீட்டுக்கு எவ்வளவு சக்தி என்பது அவர் வாயாலேயே வந்துவிட்டது.

அந்த 2006 செய்தியில் ஒரு கம்பெனி மட்டும் கொடுக்க மறுத்ததாக இருந்தது. குவெஸ்ட். உளவு விஷயங்களுக்கென்று இருக்கும் தனி நீதிமன்றத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டார்கள். என்.எஸ்.ஏ. அந்த நீதிமன்றத்துக்குப் போகத் தயாராக இல்லை. அந்தக் கம்பெனித் தலைவர் பின்னால் பங்குச்சந்தைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், அவரை நான் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டார். அதைப் படித்த அன்று அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அந்தப் பத்தியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லியிருப்பார்.

இதற்கு முன்னால் 1945லிருந்து 1975 வரை அங்கே மூன்று தந்திக் கம்பெனிகள், வெளிநாட்டுக்குப் போகும் வரும் தந்திகளை வாரண்ட் இல்லாமல் அரசுக்குக் கொடுத்து வந்தன. முப்பது வருடம். அதையும் இதையும் தோண்டி எடுத்த செனட் குழுவின் விளைவாகத்தான் 1978இல் உளவுக்கென்று தனி நீதிமன்றம் வந்தது. எழுத்தில் கொடு என்று கேட்பதற்காக ஏற்படுத்திய இடம் அது. அதைச் சுற்றிக்கொண்டு போனதுதான் ஹேடன் மீதிருந்த குற்றச்சாட்டு. 702 வந்த பிறகு என்ன நிலைமை? அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் அந்நியரை, உளவுத் தகவலுக்காக, தனி வாரண்ட் இல்லாமல் குறிவைக்கலாம். நீதிமன்றம் வருடத்துக்கு ஒருமுறை நடைமுறையைப் பார்த்து ஒப்புதல் தரும், ஒவ்வொரு பெயராகப் பார்க்காது. அப்படிக் குறிவைக்கப்பட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். அவர்களோடு பேசும் உள்ளூர்க்காரரின் பேச்சும் சேர்ந்தே வந்து கிடங்கில் விழும். கிரீன் கார்டு இருந்தாலே சட்டத்தின் கணக்கில் நீங்களும் உள்ளூர்க்காரர்தான். அந்தக் கிடங்கில் உள்ளூர்க்காரர் பெயரைப் போட்டு எஃப்.பி.ஐ. தேடும் முன் வாரண்ட் வாங்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் கீழ்ச்சபையில் ஒரு திருத்தம் வந்தது. 212க்கு 212. சமமாக விழுந்ததால் தோற்றுப்போனது. ஒரே ஒரு ஓட்டு, தம்பி. கப்பார்டின் மனசாட்சியைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதுகிற நீங்கள், ஓட்டுரிமை இருந்தால் உங்கள் தொகுதி உறுப்பினர் அன்று எந்தப் பக்கம் நின்றார் என்று பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

அம்மா விஷயம். கும்பகோணத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையை யாரும் குறிவைத்திருக்கப் போவதில்லை. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் பேச்சை மாற்றுகிறீர்கள் பாருங்கள், அதை அவர் கவனித்திருப்பார். ஆசிரியை அல்லவா, முதல் தடவையே கவனித்திருப்பார். மகனுக்கு நேரமில்லை, அல்லது தன் பேச்சு சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். காரணம் சொல்லாமல் விடாதீர்கள்.

இந்த ஞாயிறு நீங்களே அரசியலை எடுங்கள். 1976 பிப்ரவரியில் அவர் ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவருக்குக் கண்டிப்பாக யாராவது ஒருவரைத் தெரிந்திருக்கும். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள். அவர் பெயரையும் போட மாட்டேன்.