பாட்டிக்கு ஆங்கிலம் வரவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது. கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். என் பாட்டியின் கதையை ஆங்கிலத்தில் நாவலாக எழுத ஆரம்பித்து 60 பக்கத்தோடு நிற்கிறேன். மற்றதெல்லாம் சரியாக வருகிறது, பாட்டி பேச ஆரம்பித்தால் மட்டும் பொய்யாக இருக்கிறது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழியில் எழுதினார் என்று படித்தேன். நானும் மாறலாமா? என் தமிழோ வெறும் பள்ளிக்கூடத் தமிழ். சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, தருமபுரி

பதில்: கூகி ஏதோ ஒரு நாள் கொள்கை முடிவெடுத்து மாறினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அவரை இழுத்துக்கொண்டு போனது ஒரு கிராமத்துப் பெண்.

1976-இல் அவர் நைரோபி பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தார். ஆங்கில நாவல்களால் நல்ல பெயர். ஒரு நாள் காலையில் கமிரீத்து ஊர்ப் பெண் ஒருவர் வீடு தேடி வந்து, "நிறையப் படித்தவராமே, புத்தகமெல்லாம் எழுதுகிறீர்களாமே, அதில் கொஞ்சம் ஊருக்கும் கொடுக்கக் கூடாதா?" என்கிற மாதிரி கேட்டார். ஒரு தடவை கேட்டுவிட்டு விடவில்லை, வாராவாரம் வந்தார். கடைசியில் கூகி போனார். ஊரோடு சேர்ந்து ஒரு நாடகம் போடுவது என்று ஆயிற்று. ஊர்க்காரர்கள் நடிக்கிற நாடகத்துக்கு ஆங்கிலம் எதற்கு ஆகும்? கூகி வா மிரீ என்ற இன்னொருவரோடு சேர்ந்து தன் தாய்மொழியான கிகுயுவில் எழுதினார்.

உங்கள் பயத்துக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. ஒத்திகையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வயதானவர் சிறுசுகளிடம் இப்படிப் பேசமாட்டார், இந்த இடத்தில் ஒரு பழமொழி சொல்வார் என்று திருத்தினார்கள். உலகம் அறிந்த நாவலாசிரியர் தாய்மொழியை மறுபடி கற்றது அந்த ஊராரிடம்தான். உங்களுக்கு மட்டும் என்ன வெட்கம்?

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1977 அக்டோபரில் அரங்கேறிய நாடகத்துக்கு நவம்பரில் தடை. டிசம்பர் 31 அன்று கூகி கைது. காமிட்டி என்கிற சிறையில் விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஓராண்டு. அதே 1977-இல் ஆட்சியாளர்களைச் சாடி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் வந்தது, அதற்குத் தடை இல்லை. ஊர் மக்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னபோதுதான் பயந்தார்கள்.

சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் எழுதிய கிகுயு நாவல் 1980-இல் வெளிவந்தது. (தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'.) எனக்கு மிகவும் பிடித்த சங்கதி அதன் பிறகு நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அதை வீடுகளிலும் பேருந்துகளிலும் மதுக்கடைகளிலும் உரக்க வாசித்தார்கள். நன்றாக வாசிக்கிற ஒருவர் சுவாரசியமான கட்டத்தில் கோப்பை காலியானதும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவாராம். யாராவது இன்னொன்று வாங்கிக் கொடுத்தால்தான் கதை நகரும்! எந்த விருதைவிடவும் இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதற்காக ஆங்கிலத்தில் எழுதுவது குற்றம் என்று சொல்லமாட்டேன். நைஜீரியாவின் சினுவா அச்செபி ஆங்கிலத்திலேயே எழுதி, தன் இக்போ இனத்துக் கிழவர்களை நம்மோடு பேச வைத்தார். கூகியே தன் கிகுயு நாவல்களைப் பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த வழி உங்களுக்கும் திறந்தே இருக்கிறது. அதனால் 60 பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டாம். பாட்டி பேசுகிற இடங்களை மட்டும் தமிழில், அவர் பேசின மாதிரியே எழுதி, அவரை நன்றாகத் தெரிந்த அத்தையிடமோ சித்தியிடமோ வாசித்துக் காட்டுங்கள். "அம்மா இப்படிச் சொல்லாது" என்று அவர் எங்கே குறுக்கிடுகிறாரோ அங்கே பேனாவை எடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

பாட்டி இப்போது இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லையே. இருந்தால் இந்த ஞாயிறே ஊருக்குப் புறப்படுங்கள்.