ஹிரோஷிமாவில் ஒரு ராத்திரி தங்குங்கள்

கேள்வி: மே மாத விடுமுறையில் கணவர், பத்து வயது மகள், 68 வயது மாமியாருடன் ஜப்பான் போகிறோம். தங்குவது ஒசாகாவில். ஹிரோஷிமாவுக்குக் காலையில் கிளம்பி, மியாஜிமா தீவையும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். ஒரு நாள் போதுமா? அணுகுண்டு அருங்காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிப்போகலாமா? மாமியாருக்கு முழங்கால் வலி. முட்டைகூடச் சாப்பிடாத சைவம்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவரின் கணக்கில் தப்பில்லை. ஷின்-ஒசாகாவில் நொஸோமி புல்லட் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹிரோஷிமா. ஓட்டமாக ஓடினால் இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். முதல் தடவை நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அந்த அருங்காட்சியகத்தில் துருவேறிய மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6 காலை, ஷினிச்சி என்ற மூன்று வயதுப் பையன் வீட்டு வாசலில் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று ராத்திரியே இறந்துபோனான். அவனோடு சைக்கிளையும் வீட்டுத் தோட்டத்தில் புதைத்த அப்பா, நாற்பது வருஷம் கழித்துத் தோண்டியெடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதன் முன்னால் நின்றபோது, தீவுக்குப் படகு பிடிக்க வேண்டுமே என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. உங்களுக்கு அது நேரக் கூடாது. ஒசாகா விடுதியில் பெரிய பெட்டிகளை விட்டுவிட்டு, ஆளுக்கொரு சின்னப் பையோடு போய் ஒரு ராத்திரி தங்குங்கள்.

தேதியில் கவனம். ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரை ஜப்பானே விடுமுறையில் ஊர் சுற்றும். அதைத்தான் கோல்டன் வீக் என்பார்கள். மே 3, 4, 5 மூன்று நாளும் ஹிரோஷிமாவில் மலர்த் திருவிழா வேறு. அறை கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும். மே 7க்குப் பிறகு போங்கள்.

முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்தால் போதும். ரயில் நிலையத்தின் இரண்டாம் தளத்துக்கே டிராம் வந்துவிடுகிறது. 2 அல்லது 6ஆம் எண் வண்டியில் ஏறி அணுகுண்டு மாடம் நிறுத்தத்தில் இறங்குங்கள். குண்டு விழுந்த மூன்றாம் நாளே இந்த ஊரில் ஒரு பகுதியில் டிராம் ஓடியது என்பதை வண்டியிலேயே மகளிடம் சொல்லுங்கள்.

அந்த மாடம், செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்ஸல் வடிவமைத்து 1915இல் கட்டி முடித்த கண்காட்சி மாளிகை. ஏறக்குறைய அதன் தலைக்கு மேலேயே, சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. சுவர்கள் அப்படியே நிற்கின்றன. அங்கிருந்து பூங்காவுக்குள் நடந்தால் சிறுவர் அமைதிச் சின்னம். குண்டு விழுந்தபோது சதாகோ சசாகிக்கு இரண்டு வயது. ரத்தப் புற்றுநோயால் 1955இல் இறந்தபோது பன்னிரண்டு. குணமாகிவிடும் என்று நம்பி ஆஸ்பத்திரியில் காகிதக் கொக்குகளாக மடித்தாள். கூடப் படித்த பிள்ளைகள் முயன்று 1958இல் எழுப்பிய சின்னம் அது. திருச்சியிலேயே உங்கள் மகள் காகிதக் கொக்கு மடிக்கக் கற்றுக்கொள்ளட்டும், சதாகோவின் கதையும் அப்போதே தெரியட்டும். தன் கையால் மடித்ததை அங்கே வைத்துவிட்டு வரலாம். பக்கத்து மோட்டோயாசு ஆற்றங்கரையில் காந்தியின் மார்பளவுச் சிலை இருக்கிறது, 2023 மே மாதம் திறந்தது. மாமியாரை அங்கே கொஞ்ச நேரம் உட்காரவையுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு நாலு மணி வாக்கில் போங்கள். பெரியவர்களுக்கு 200 யென், மகளுக்கு இலவசம். மே மாதத்தில் மாலை ஏழு வரை திறந்திருக்கும்; பொழுது சாயச் சாயக் கூட்டம் குறையும். கடைசி ஒன்றரை மணி நேரத்துக்குள் நுழைவதென்றால் இணையத்தில் முன்பதிவு வேண்டும்.

மகளைக் கூட்டிப்போகலாமா என்றால், கூட்டிப்போகலாம் என்பதே என் எண்ணம். ஆனால் தீக்காயப் படங்கள் இருக்கின்றன என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, முடிவை அவளிடமே விடுங்கள். வேண்டாம் என்றால் பாட்டியோடு பூங்காவில் இருக்கட்டும். உள்ளே வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவள் கண்ணை மூடிக்கொண்டால் "பார், பார்" என்று காட்டாதீர்கள். வெளியே வந்தபின் அந்த மாலையில் வேறு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். கடைவீதிகூட வேண்டாம். ஆற்றங்கரையில் உட்காருங்கள், அவள் கேள்வி கேட்பாள். ராத்திரி தங்கச் சொல்வதே அதற்காகத்தான்.

சாப்பாட்டில்தான் மாமியாருக்குச் சிரமம். இந்த ஊர் ஒகோனோமியாகி எனும் அடையில் முட்டைக்கோஸ், நூடுல்ஸோடு இறைச்சியும் முட்டையும் சேரும். காய்கறிச் சாறு என்று நினைப்பதில்கூட தாஷி எனும் மீன் கஷாயம் இருக்கும். "நிக்கு, சகானா, தாமாகோ, தாஷி நாஷி" என்று சொல்லிப் பாருங்கள்: இறைச்சி, மீன், முட்டை, தாஷி இல்லாமல். நகரத்தில் இந்திய உணவகங்கள் உண்டு. எதற்கும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் பையில் இருக்கட்டும். கன்வீனியன்ஸ் கடைகளில் வெள்ளைச் சோறு பாக்கெட்டைச் சூடாக்கித் தருவார்கள்.

மறுநாள் மியாஜிமா. ஜேஆர் எனும் ஜப்பான் ரயில்வே வண்டியில் அரை மணி, பிறகு படகில் பத்து நிமிடம். டிராமிலும் போகலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளம்புமுன் அன்றைய ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைப் பாருங்கள். நீர்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் இட்சுகுஷிமா கோயில் கடலில் மிதப்பதுபோல் தெரியும். 100க்குக் கீழே இறங்கினால், கோயிலுக்கு முன்னால் கடலில் நிற்கும் தோரி எனும் வாயில்வரை மணலில் நடந்தே போகலாம். சுமார் 16 மீட்டர் உயரமுள்ள அந்த மரவாயில் மண்ணில் ஊன்றப்படவில்லை, 1875 முதல் தன் எடையிலேயே நிற்கிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். தீவிலேயே பகலைக் கழித்தால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

மாமியாரை மிசென் மலை உச்சிக்குக் கூட்டிப்போக வேண்டாம். ரோப் கார் முடிகிற ஷிஷிஇவா நிலையத்திலிருந்து உச்சிக்கு இன்னும் அரை மணி ஏற்றம், முழங்கால் தாங்காது. நிலையத்திலிருந்தே உள்நாட்டுக் கடலின் தீவுகள் அழகாகத் தெரியும். கடல் கோயிலை ஒட்டி தாய்கான்ஜி என்றொரு சிறிய கோயில். அங்கே இருப்பவள் பென்சைட்டென், அதாவது நம் சரஸ்வதி. ஜப்பானில் பெரும்பாலும் வீணைக்குப் பதில் பீவா என்ற வாத்தியத்தோடு அவளைக் காட்டுவார்கள். எல்லா நாளும் சிலையைத் திறந்து காட்டுவதில்லை. ஆனாலும் சன்னதி முன்னால் நின்று கும்பிட மாமியாருக்குப் பிடிக்கும்.

தீவின் மான்கள் காகிதத்தையும் தின்னும். திரும்பும் ரயில் சீட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள்.