60 நாளாகியும் பணம் தராத பல்கலைக்கழக நூலகம்

பல்கலைக்கழக நூலகத்துக்கு ஓர் அரிய நூலை விற்று 60 நாளாகியும் பணம் வரவில்லையா? புத்தகத்தை இப்போதே திருப்பிக் கேட்காதீர்கள். முதலில் இன்வாய்ஸைச் சரிபார்த்து மறுபடி அனுப்புங்கள். 60 நாள் தாமதம் பெரும்பாலும் ஏமாற்று அல்ல. கொள்முதல் ஆணை எண் (வாங்குவதற்கு நூலகம் தந்த ஆணையின் எண்) இல்லாத இன்வாய்ஸ் கணக்குப் பிரிவில் அப்படியே கிடக்கலாம். அரிய நூல் பிரிவில் உங்கள் புத்தகத்தைப் புரட்டி மகிழ்ந்தவருக்கு அது தெரியாமலே இருக்கலாம்.

ஆகவே அவரிடம் இரண்டே கேள்வி: ஆணை எண் என்ன, இன்வாய்ஸ் கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்த தேதி என்ன? பல நிறுவனங்கள் பணம் தருவதற்கான கெடுவை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணும்.

புத்தகத்தைத் திருப்பிக் கேட்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. ‘முழுப்பணம் வரும்வரை நூல் விற்பவருக்கே சொந்தம்’ என்ற நிபந்தனையை விற்பனைக்கு முன்பே நூலகம் ஏற்றிருக்க வேண்டும். இப்போது சேர்த்தால் பொதுவாகச் செல்லாது. செல்லுமென்றே வைத்துக்கொண்டாலும், நூலக முத்திரை குத்தப்பட்டுவிட்டால் திரும்பி வருவது பழைய விலைக்குப் போகாது.