ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்றிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 50 வாட் வால்வு ஆம்ப், பின்பக்கம் மூடிய கேபினட், அதற்குள் இரண்டு செலஸ்டியன் ஜி12டி-75 ஸ்பீக்கர்கள். டிராப் சி ட்யூனிங் (கம்பிகளின் சுருதியைத் தாழ்த்தி வைப்பது), கெய்ன் (ஒலியைக் கரகரப்பாக்கும் திருகு) எக்கச்சக்கம். வீட்டில் வாசித்தால் இடி மாதிரி இருக்கிறது. டிரம்ஸும் பாஸும் சேர்ந்ததும் என் கிதார் காணாமல் போகிறது. இரண்டையும் கழற்றிவிட்டு அதே செலஸ்டியனின் வின்டேஜ் 30 ஸ்பீக்கர்கள் போடலாமா?

பதில்: உங்களுக்குக் குறைவது மிட், அதாவது அடிக்கும் உச்சிக்கும் நடுவில் உள்ள ஒலி. ஜி12டி-75-இல் அடியும் உச்சியும் தூக்கல், நடுவில் பள்ளம். பேண்டில் அடியை பாஸும் கிக் டிரம்மும் விழுங்கிவிடும், உச்சியைச் சிம்பல் எடுத்துக்கொள்ளும். அப்புறம் கிதாருக்கு இடமேது? வின்டேஜ் 30-க்கு மேல்-மிட்டில் நல்ல மேடு உண்டு. பாம் மியூட்டில் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி வாசிக்கும்போது) பிக் கம்பியைத் தட்டும் 'டக்' அங்கேதான் எடுபடும். சின்ன அறையில் காதைக் குத்துவதும் அதே மேடுதான்.

காசை எடுக்குமுன், கெய்னைக் கொஞ்சம் இறக்கி மிட்டை ஏற்றுங்கள். கேபினட்டை ஒரு உறுதியான ஸ்டூல் மேல் தூக்கி வையுங்கள். கிதார் ஸ்பீக்கரின் உச்சி ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். தரையில் இருந்தால் அதைக் கேட்பது உங்கள் கணுக்கால்.

அப்படியும் போதவில்லை என்றால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வின்டேஜ் 30-இன் சென்சிடிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 100 டெசிபெல், மற்றதற்கு 97. அந்த 3 டெசிபெல், பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அதனால் புதியது முன்னே நின்று பேசும், பழையது அடியைத் தாங்கும். மைக் ஒன்றுதான் என்றால் புதியதன் முன்னால் வையுங்கள்.

வாங்குமுன் பழைய ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் (மின்மறுப்பின் அளவு) என்று பாருங்கள், அதே ஓம்தான் வேண்டும். 16 ஓம் இரண்டை பேரலலில் இணைத்தால் 8. ஆம்பின் ஓம் செலக்டரும் அதே எண்ணில் நிற்கட்டும். வாட் கணக்கில் பலவீனமானதை வைத்தே எண்ண வேண்டும்: வின்டேஜ் 30 தாங்குவது 60, இரண்டு மடங்கு 120. 50 வாட் ஆம்பை முழுக்கத் திறந்தால் 50-ஐத் தாண்டித் தள்ளும். 120 அதற்குப் போதும். செலஸ்டியனின் 25 வாட் கிரீன்பேக் ஸ்பீக்கர் ஜோடியை இந்த ஆம்புக்கு நான் போடமாட்டேன்.

வயரிங்கில் பிளஸ், மைனஸ் கவனம். ஒருமுறை ஒன்றை மாற்றி இணைத்துவிட்டு, அடி ஒலியே இல்லையே என்று இரண்டு மாலை வால்வுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆம்பிலிருந்து கேபிளை உருவிவிட்டு, 9 வோல்ட் பேட்டரியை அதன் முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: இரண்டு ஸ்பீக்கரின் கோனும் (முன்னால் அசையும் கூம்பு) ஒரே பக்கம் அசைய வேண்டும். கேபிளை மறுபடி செருகாமல் ஆம்பை மட்டும் ஆன் செய்துவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

புது ஸ்பீக்கர் முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். பேண்டோடு நாலைந்து தடவை வாசித்துப் பார்க்கும்வரை, கழற்றியதை விற்காதீர்கள்.