என் மேலதிகாரியிடம் அவ்வளவு பணம் இருக்கிறது, அவர் ஏன் இன்னும் வேலையை விடவில்லை?

கேள்வி: எனக்கு வயது 47, ஒரு பெரிய நிறுவனத்தில் நடுத்தட்டு மேலாளர். வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. என் ஆண்டுச் செலவைப் போல 22 மடங்கு சேர்த்து வைத்திருக்கிறேன். 50 வயதில் வேலையை விட்டுவிடலாம் என்று திட்டம். ஆனால் என் மேலதிகாரிக்கு வயது 57, என்னைவிடப் பல மடங்கு வசதியானவர், இரவு 11 மணிக்கும் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மேலே இருப்பவர்களும் அப்படித்தான். அத்தனை பணம் வைத்திருப்பவர்களே போகவில்லை என்றால், எனக்குத் தெரியாத ஏதாவது அவர்களுக்குத் தெரியுமா?

பதில்: அவர்களை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் திட்டத்தில் வேறு ஒரு ஓட்டை இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஷேர் விஷயம். அந்த மட்டத்தில் மாதச் சம்பளம் ஒரு பகுதிதான், பெரிய தொகை கம்பெனி ஷேராக வரும். அதுவும் உடனே கைக்கு வராது, பெரும்பாலும் 3, 4 ஆண்டுகளில் தவணை தவணையாக வெஸ்ட் ஆகும், அதாவது அவருக்குச் சொந்தமாகும். இடையில் ராஜினாமா செய்தால் வெஸ்ட் ஆகாதது பொதுவாகப் போனது போனதுதான். என்னிடம் வரும் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட் ஒன்றைக் காட்டினார். காலாண்டுக்கு ஒரு வரி, எந்தத் தேதியில் எத்தனை ஷேர் என்று சுத்தமாகப் போட்டு, கடைசி வரிக்கு மட்டும் மஞ்சள் அடித்திருந்தார். “இது வந்ததும் கிளம்பிடுவேன்” என்றார். அடுத்த வருடம் அதே ஷீட்டோடு வந்தார், மஞ்சள் நாலு வரி கீழே இறங்கியிருந்தது.

அவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது, ஏற்பாடே அப்படித்தான். ஒருவருக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு வருடச் சம்பளத்துக்குச் சமமான ஷேர் ஒதுக்குகிறார்கள், அது 4 ஆண்டுகளில் சமமாக வெஸ்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வருடம் போனபின், புது ஒதுக்கீடு வந்த மறுநாள் அவர் விலகினால் இழப்பது 1 + 0.75 + 0.50 + 0.25, அதாவது இரண்டரை வருடச் சம்பளம். சரி, அந்த வருடத் தவணை எல்லாம் வாங்கிக்கொண்டு, அடுத்த ஒதுக்கீட்டுக்கு முந்தைய நாள் கிளம்பலாம் என்றால் அப்போதும் ஒன்றரை வருடச் சம்பளம் மேஜையிலேயே கிடக்கும். எத்தனை வருடம் காத்திருந்தாலும் இது பூஜ்யமாகாது. “இன்னும் ஒரே வருடம்” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு வருடமும் அது உண்மைதான், அதுதான் சிக்கல்.

அப்புறம், வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற சொத்து முழுவதும் நினைத்தபோது எடுக்கக்கூடிய பணம் இல்லை. உயர்பதவியில் இருப்பவர்கள் சம்பளத்தின் இத்தனை மடங்குக்குக் கம்பெனி ஷேர் வைத்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்களில் விதி உண்டு. காலாண்டு முடிவுகள் வெளிவருவதற்கு முந்தைய சில வாரங்களில் பொதுவாக விற்கவும் முடியாது. சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியை நம்பி இருக்கிற ஆள் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருப்பார்.

இன்னொன்று, ஓய்வுக்கும் விலை உண்டு. அவர் ஒரு வருடம் கூடுதலாக உழைத்தால் குடும்பத்தின் நாலைந்து வருடச் செலவு வந்துவிடலாம், உங்களுக்கு ஒரு வருடச் செலவு மிஞ்சினாலே பெரிது. பணம் அதிகம் இருப்பவர் சீக்கிரம் ஓய்வெடுப்பார் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் சும்மா இருக்கும் ஒரு நாளுக்கு அவர்தான் அதிக விலை கொடுக்கிறார்.

ஆனால் என் அனுபவத்தில் கணக்கைவிட வலுவான காரணம், அவர் செய்வதும் நீங்கள் செய்வதும் ஒரே வேலை இல்லை என்பதுதான். எதை எப்போது செய்வது, எந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. பிரிட்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், பதவிப் படியில் கீழே இருந்தவர்களிடையே மேலே இருந்தவர்களைவிட இறப்பு விகிதம் அதிகமாக இருந்தது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்த மைக்கேல் மார்மட், வேலையின் மீது ஒருவருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார். இரவு 11 மணி மெயில் அனுப்புகிறவருக்கு அது ஒரு வேலை முடிந்த நிம்மதி, தூக்கம் போவது வாங்குகிற உங்களுக்குத்தான். (அந்த மெயிலைக் காலையில் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்பது வேறு விஷயம்.)

போக பயப்படுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. 55இல் விலகிய ஒருவர் முதல் மாதம் முழுக்கத் தினமும் காலையில் போனில் காலண்டரைத் திறந்து பார்த்தாராம். ஒரு மீட்டிங்கூட இல்லை. ஆறாவது மாதம் ஒரு சிறிய நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போய்விட்டார், பணத்துக்காக இல்லை.

இப்போது உங்கள் 22 மடங்குக்கு வருவோம். நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்துச் சொன்ன 4 சதவீதக் கணக்குக்கு (முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொள்வது) 25 மடங்கு வேண்டும், அதுவும் 30 ஆண்டுகளுக்கு. 22 மடங்கில் நீங்கள் முதல் வருடமே ஏறக்குறைய 4.5 சதவீதம் எடுப்பீர்கள், 50இல் விட்டால் பணம் 40 ஆண்டுகள்கூட ஓட வேண்டியிருக்கும். 25 மடங்கோடு போனவருக்கே முதல் வருடம் சேமிப்பின் மதிப்பு 30 சதவீதம் விழுந்தால், செலவு போக மிஞ்சுவது 16.8 மடங்கு. அடுத்த வருடம் விலைவாசி ஏறாவிட்டாலும் அவர் எடுக்க வேண்டியது சுமார் 6 சதவீதம் ஆகிவிடும். அதனால் மூன்று வருடத்தில் 30 மடங்கைத் தொட முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் 50 என்பதை 52 ஆக்குங்கள். இல்லையென்றால் 50க்குப் பிறகு செலவில் பாதியையாவது ஈட்டும் பகுதிநேர வேலை ஒன்றை இப்போதே தேடி வையுங்கள்.

உங்களுக்கும் கொஞ்சம் ஷேர் ஒதுக்கியிருந்தால், எச்ஆரிடமிருந்து அந்தத் திட்டத்தின் விதிகளை வாங்கி “ஓய்வு” என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள். குறிப்பிட்ட வயதும் பணிக்காலமும் சேர்ந்தால், விலகிய பிறகும் வெஸ்டிங் தொடரும் என்று சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அந்த வயது 50ஆ 55ஆ என்பதைப் பார்த்துவிட்டு, உங்கள் 22 மடங்கில் கம்பெனி ஷேர் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தேதியை அப்புறம் பேசலாம்.