செவ்வாய்க்கு பத்து மணி கடிகாரமா?

கேள்வி: செவ்வாய்ல மனுஷன் குடியேறுனா புதுசா கடிகாரம், காலண்டர் எல்லாம் வேணும்ல? ஒரு நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிஷம், நிமிஷத்துக்கு 100 செகண்ட், வருஷத்துக்கு சமமா 10 மாசம்னு வச்சுட்டா குழப்பமே இருக்காதே, ஏன் யாரும் இத யோசிக்கல?

பதில்: யோசிச்சாங்க சார், சட்டமே போட்டாங்க. பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல, 1793ல, நீங்க சொல்ற அதே பத்து மணி கடிகாரம் வந்துச்சு, 1795லயே கிடப்புல போட்டுட்டாங்க.

சரி, செவ்வாய்க்கு வருவோம். நாள எத்தன துண்டா வேணா வெட்டுங்க, அது உங்க இஷ்டம். ஆனா வருஷத்துக்கு எத்தன நாள்ங்கறது அந்த கிரகத்தோட இஷ்டம். அங்க ஒரு பகல்-ராத்திரி சேந்தா 24 மணி 39 நிமிஷம் 35 செகண்ட், இதத்தான் சோல்னு சொல்றாங்க, சூரியன ஒரு சுத்து சுத்த சுமார் 668.6 சோல் ஆகுது. அந்த 0.6 இருக்கே, அதுக்காக அஞ்சு வருஷத்துல மூணு வருஷத்துக்கு 669 சோல் வைக்கணும், மீதி ரெண்டுக்கு 668. இங்க லீப் வருஷம் விருந்தாளி, அங்க அதுதான் வீட்டுக்காரர்.

மாசத்துக்கு நிலாவ நம்பவும் முடியாது, செவ்வாயோட நிலா போபோஸ் 7 மணி 39 நிமிஷத்துல ஒரு சுத்து முடிச்சுடுது. தாமஸ் கங்காலேன்னு ஒருத்தர் 1985ல 27, 28 சோல் வச்சு 24 மாசம் போட்டு ஒரு காலண்டர் பண்ணாரு, பாக்க நல்லாத்தான் இருக்கு. உங்க 10 மாசத்துல இன்னொரு சிக்கல், செவ்வாயோட பாதை நல்லாவே நீள்வட்டம், அதனால வடக்குப் பாதியில வசந்தகாலம் சுமார் 194 சோல், இலையுதிர் காலம் சுமார் 143 சோல்தான், அதாவது ஒன்னு கிட்டத்தட்ட உங்க மூணு மாசம், இன்னொன்னு ரெண்டு மாசத்துக்கு கொஞ்சம் மேல. விஞ்ஞானிங்க மாசத்தையே விட்டுட்டு சூரியன சுத்துற பாதையில செவ்வாய் எத்தன டிகிரி கோணம் சுத்தியிருக்குன்னுதான் பருவத்த சொல்றாங்க, அவங்க கணக்குல முதல் செவ்வாய் வருஷம் 1955 ஏப்ரல் 11ல ஆரம்பிக்குது.

நான் உண்மையிலயே சண்டைக்கு வர்றது செகண்டுக்குத்தான். செவ்வாய்ல ஆராய்ச்சி வண்டி (ரோவர்) ஓட்டுறவங்க ஒரு சோல 24 மணியாவே வச்சுக்கிட்டு செகண்ட 2.7 சதவீதம் இழுத்துக்கறாங்க, சுவர் கடிகாரத்துக்கு அது போதும். நீங்க சோல லட்சம் துண்டாக்குறீங்க, அப்ப உங்க செகண்ட் நம்ம செகண்ட்ல 0.89 பங்குதான். 1967லேருந்து செகண்ட்ங்கறது சீசியம் அணுவோட 919,26,31,770 அதிர்வு, பூமி சுத்துறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, எஞ்சின் எத்தன செகண்ட் எரியணும்ங்கற கணக்கெல்லாம் அதுலதான் நிக்குது. ஒரே பேர்ல ரெண்டு செகண்ட் உலாவுனா ராக்கெட் எங்க போய் இறங்கும்னு நீங்களே சொல்லுங்க.

அடுத்து வெள்ளிக்கு கிளம்பிடாதீங்க. அங்க ஒரு சூரிய உதயத்துலேருந்து அடுத்த உதயத்துக்கு நம்ம நாள் 117, வருஷமே 225 நாள்தான். வருஷத்துக்கு முழுசா ரெண்டு நாள்கூட தேறாது, பத்து மாசத்த எங்க வைப்பீங்க?